எதையும் கேட்காத சிடி

ஒரு வேலையைச் செய்யாமல் தப்பிப்பதற்கு நான் படும் பாட்டில், அந்த வேலையைப் பத்துத் தடவை செய்தே முடித்திருக்கலாம் என்று என் அத்தா சொல்வார். விருதுநகரில் பருப்பு மண்டி வைத்திருந்தவர். மகன் பருப்பை விட்டுவிட்டு, கம்ப்யூட்டரைக் கழற்றி மாட்டுகிற கடை வைத்ததில் அவருக்கு ஏற்கெனவே மனக்குறை. அதனால் அவர் பேச்சை நான் காதில் போட்டுக்கொண்டதில்லை. இப்போது யோசித்துப் பார்த்தால், என்னைப் பற்றி யாரும் சொன்னதிலேயே அதுதான் சரியான பேச்சு.

நான் தப்பிக்கப் பார்த்த வேலை, கம்ப்யூட்டரில் விண்டோஸ் எக்ஸ்பி போடுவது. இரண்டாயிரத்துகளின் நடுவில் எங்கள் பக்கத்து அச்சகத்திலோ பட்டாசுக் கம்பெனி ஆபீசிலோ ஒரு கம்ப்யூட்டர் படுத்துக்கொண்டால், அதற்கு ஒரே வைத்தியம்தான். எல்லாவற்றையும் அழித்துவிட்டு எக்ஸ்பியை மறுபடி போட வேண்டும். சிடியைச் செருகியதும் அது கேள்வி கேட்க ஆரம்பிக்கும். எந்த இடத்தில் போட? அங்கே இருப்பதை அழிக்கவா? நிஜமாகவே அழிக்கவா? உன் பெயர் என்ன, உன் ஊரில் மணி என்ன? பெண் பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்க மாட்டார்கள். ஒரு கேள்விக்கும் அடுத்த கேள்விக்கும் நடுவில் பத்து நிமிஷம் சும்மா கிடக்கும். டீ குடிக்கலாம் என்று எழுந்து போனால், அந்த நேரம் பார்த்துக் கேட்டுவிட்டு, நான் திரும்பி வரும்வரை அப்படியே நிற்கும்.

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பெரிய தொல்லை. என்னிடம் இருந்தது பழைய சிடி. அது வந்த பிறகு கண்டுபிடித்த ஓட்டைகள் எல்லாம் அதில் திறந்தே கிடந்தன. அவற்றை அடைக்கிற அப்டேட்டை இறக்க டெலிபோன் லைனைச் செருகி இன்டர்நெட்டுக்குப் போக வேண்டும். அப்டேட் கால்வாசி இறங்குவதற்குள் எங்கிருந்தோ ஒரு வைரஸ் புழு உள்ளே புகுந்துவிடும். திரையில் ஒரு பெட்டி தோன்றி அறுபதிலிருந்து கீழே எண்ணும். எண்ணி முடித்ததும் கம்ப்யூட்டர் அணைந்துபோகும். பூட்டு வாங்கக் கடைக்குப் போன நேரத்தில் திருடன் வந்த கதைதான். மறுபடி முதலிலிருந்து தொடங்குவேன். அந்த நாட்களில் நான் எல்லோரிடமும் எரிந்து விழுந்துகொண்டிருந்தேன்.

அந்த வருஷம் ஒரு கம்ப்யூட்டர் பத்திரிகையோடு இலவசமாக ஒரு சிடி வந்தது. அதில் சர்வீஸ் பேக்-2 என்பது முழுசாக இருந்தது. அதுவரை வந்த அப்டேட் எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியது அது. அதே பத்திரிகையில் ஒரு வழியும் போட்டிருந்தார்கள். பழைய எக்ஸ்பி சிடியில் உள்ளதையெல்லாம் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு ஃபோல்டரில் கொட்டிக்கொண்டு, கறுப்புத் திரையில் ஒரே ஒரு வரி தட்டினால், சர்வீஸ் பேக் அந்த ஃபைல்களுக்குள்ளேயே போய்க் கலந்துவிடும். பிறகு அதைப் புது சிடியாக எழுதிக்கொள்ளலாம். இட்லி வெந்த பிறகு மேலே உப்புத் தூவுவதற்கும், மாவிலேயே உப்புப் போட்டுக் கரைப்பதற்கும் உள்ள வித்தியாசம். இந்தச் சிடியிலிருந்து போட்ட எக்ஸ்பி, பிறக்கும்போதே ஓட்டை அடைபட்டுப் பிறக்கும்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்துகிற ஆளா நான்? சர்வீஸ் பேக்குக்கு அப்புறம் வந்த குட்டி அப்டேட்டுகளைச் சேர்த்தேன். எங்கள் ஊரில் அதிகம் ஓடுகிற மதர்போர்டுகளுக்கான டிரைவர்களைச் சேர்த்தேன். அச்சகத்துக்காரர்களுக்காகத் தமிழ் ஃபான்ட்டுகளை ஒரு ஃபோல்டரில் போட்டேன். பிறகு, அது கேட்கிற கேள்விகளுக்கெல்லாம் முன்கூட்டியே பதில் எழுதி ஒரு ஃபைல் வைத்தேன். பெயர், ஊர், மணி எதையும் இனி அது யாரிடமும் கேட்காது. கடைசியில் இரண்டு கேள்விகள்தான் பாக்கி. ஒன்று, எந்த இடத்தில் போட என்பது. இருப்பதை முழுக்கத் துடைத்துவிட்டு நீயே இடம் போட்டுக்கொள் என்று ஒரு வரி எழுதினேன். கடையில் புது மெஷின் சேர்க்கும்போது அதில் துடைக்க என்ன இருக்கிறது? இன்னொன்று, கம்ப்யூட்டரை ஆன் செய்ததும், "சிடியிலிருந்து தொடங்க ஏதாவது ஒரு பட்டனை அமுக்கு" என்று அது கேட்பது. அந்தக் கேள்விக்கு ஒரு சின்ன ஃபைல்தான் பொறுப்பு. அதைத் தூக்கி எறிந்தேன்.

இனிமேல் சிடியைச் செருகி ஆன் செய்தால் போதும், வாயே திறக்காமல் தானாக வேலையை முடிக்கும். எனக்கு ஒரே ஒரு வேலை மிச்சம். முதல் ரீஸ்டார்ட்டில் சிடியை வெளியே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் அது மறுபடி முதலிலிருந்து துடைக்க ஆரம்பித்துவிடும்.

இதைச் சரியாகக் கொண்டுவர எத்தனையோ சிடி வீணானது. ஒன்று பாதியில் நிற்கும், ஒன்று ஏதோ ஃபைலைக் காணோம் என்னும். நோன்பு மாசம், மத்தியானம் கடைக்கு யாரும் வர மாட்டார்கள், எனக்கும் வேறு வேலை இல்லை. எழுதுவதும் போட்டுப் பார்ப்பதும் தூக்கிப் போடுவதுமாக இருந்தேன். "ஒரே தகட்டை எத்தன தடவைலே சுடுவ?" என்று அத்தா கேட்டார். வீணானவற்றை அவர் நூலில் கோத்து, பருப்பு காய்கிற களத்தில் குருவி விரட்டக் கட்டிவிட்டார். வெயிலில் அவை பளபளவென்று சுற்றின. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

இனி ஒரு அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சிவகாசியில் ஒரு அச்சகம் எனக்கு வாடிக்கை. பட்டாசு லேபிளும் காலண்டரும் அடிப்பவர்கள். அங்கே டிசைன் செய்தவர் ஒரு அக்கா, நாற்பது வயதைத் தாண்டியவர். சாத்தூர்ப் பக்கம் கிராமம். பைண்டிங்கில் தாள் மடிக்க வந்தவர், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தவர்களை நின்று நின்று பார்த்தே அந்த வேலையைக் கற்றுக்கொண்டவர். காலண்டர் லட்சுமிக்குப் பட்டுச்சேலை கட்டி, நகை பூட்டி, கன்னத்தில் வெளிச்சம் வைப்பதில் அவரை மிஞ்ச ஆள் இல்லை. அவர் செய்த அம்மன் படங்கள் எத்தனையோ வீட்டுச் சுவரில் தொங்கின. யார் செய்தது என்று யாருக்கும் தெரியாது.

அவருக்கு ஒரே மகள். பத்தொன்பது வயதில் பட்டாசு ஆலை விபத்தில் போய்விட்டாள். எந்த ஆலை, எப்படி என்று எங்கள் பக்கத்தில் யாரும் கேட்க மாட்டார்கள். அப்படிக் கேட்பவர் வெளியூர்க்காரராக இருப்பார்.

வேலைக்குச் சேருவதற்காக அந்தப் பெண் ஸ்டுடியோவில் ஒரு படம் எடுத்திருந்தாள். மூன்று பிரதி கொடுத்தார்கள். ஒன்று ஆலையில் கொடுத்தது, அது ஆலையோடு போயிற்று. ஒன்று, நிவாரண மனுவில் ஒட்டி சூலக்கரை கலெக்டர் ஆபீசில் கொடுத்தது. மூன்றாவதுக்குக் கண்ணாடிச் சட்டம் போட்டு, மாலை போட்டு வீட்டில் மாட்டினார்கள். அடுத்த ஐப்பசி மழையில் ஓடு ஒழுகி, படம் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு முகமே வெளுத்துப்போயிற்று. ஸ்டுடியோவை அதற்குள் மூடிவிட்டார்கள். நல்லவேளையாக, கண்ணீர் அஞ்சலி போஸ்டர் அடிக்கும்போதே அக்கா அந்தப் படத்தைத் தன் மெஷினில் ஸ்கேன் செய்து வைத்திருந்தார். போஸ்டர்கள் சுவரோடு மழையில் போயின; அவள் முகம் என்று அக்கா கையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

அந்தப் படம் இருந்த ஃபோல்டரின் பெயர் "பாப்பா". ஒருநாள் மெமரி மாற்றப் போனபோது அவரே அதைத் திறந்து காட்டினார். உள்ளே ஒரு படம் இல்லை, இருபதுக்கு மேல் இருந்தன. மத்தியானம் எல்லோரும் சாப்பிடப் போனதும் இதற்குத்தான் உட்காருவாராம். பொங்கலுக்கு ஒரு சேலை, தீபாவளிக்கு ஒரு சேலை, இருக்கன்குடித் திருவிழாவுக்கு மஞ்சள் சேலை. லட்சுமிக்குப் போட்ட அதே அட்டிகை, அதே ஜிமிக்கி. ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் முகத்துக்குத் துளித்துளியாக ஒரு வயசு கூட்டியிருந்தார். கடைசிப் படத்தில் அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயசு. கல்யாணக் கோலத்தில் இருந்தாள். "சேலை நல்லா இருக்குக்கா" என்றேன். அதைவிட மட்டமான ஒரு பேச்சை நான் பேசியிருக்க முடியாது.

"தம்பி, இத ஒரு சிடியில போட்டுத் தாரீகளா? இங்கன எழுதுற டிரைவு இல்ல. மிசினு என்னைக்காச்சும் போச்சுன்னா எனக்கு ஆருமில்ல" என்றார்.

"அடுத்த வாட்டி வரும்போது சிடி ரைட்டரைத் தூக்கிட்டு வந்து போட்டுத் தாரேன்க்கா" என்றேன்.

அடுத்த தடவை மறந்துவிட்டேன். அதற்கு அடுத்த தடவை பஸ்ஸில் கூட்டம், பை கனம் என்று எடுத்துப் போகவில்லை. அவர் ஒவ்வொரு தடவையும் கேட்டார். கோபித்துக்கொள்ளாமல் கேட்டார். அதனால் எனக்கும் உறைக்கவில்லை. கடையில் இருந்த அதே ரைட்டரில்தான் நான் சிடி மேல் சிடியாக எழுதி, குருவி விரட்ட அனுப்பிக்கொண்டிருந்தேன்.

அந்த அச்சகத்தில் என் வாய்க்குக் கொஞ்சம் பயப்படுவார்கள். அதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒருதரம் நான் எக்ஸ்பி போட்டுக்கொண்டிருந்தபோது, பைண்டிங் ஆள் ஒருவர் தெரியாமல் மெயினை அணைத்துவிட்டார். நான் போட்ட சத்தத்தில் ஆஃப்செட் மெஷின் ஓடுகிற சத்தமே அடங்கிப்போயிற்று. "இது ஓடும்போது ஒருத்தரும் கிட்ட வரக்கூடாது. பட்டனைத் தொடக்கூடாது. இடியே விழுந்தாலும் அணைக்கக்கூடாது. அதுவா முடிக்கிற வரைக்கும் விட்டுரணும்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். அக்காவும் ஆட்டினார். தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். என் வாயால் கெட்டது நானாக இருந்தால் பரவாயில்லை.

ஆயுத பூஜை அந்த வருஷம் நோன்பு மாசத்தில் வந்தது. காலண்டர் சீசனுக்காக அச்சகத்தில் ஒரு புது மெஷின் வாங்கியிருந்தார்கள். பூஜைக்குள் அது ஓட வேண்டும் என்று முதலாளி சொல்லிவிட்டார். என் புதுச் சிடியை எடுத்துக்கொண்டு போனேன். முதல்தடவை அதை வெளியூரில் ஓட்டிக் காட்டப் போகிறேன் என்கிற தெம்பு. செருகினேன், கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். முதலாளி, அக்கா, பைண்டிங் பெண்கள் எல்லோரும் சுற்றி நின்று பார்த்தார்கள். யாரும் எதையும் அமுக்காமல் தானாகவே எல்லாம் நடந்ததைப் பார்த்து முதலாளி, "பாய், இது பேயோட்டுற மாதிரி இருக்கே" என்றார். சிரித்தோம்.

அது முடிந்ததும் அக்கா, "உங்க சிடியில தமிழ் எழுத்து நெறைய இருக்குன்னீகளே, எனக்கும் போட்டு விடுங்க தம்பி, காலண்டருக்கு ஆகும்" என்றார். சிடியை அவர் மெஷினில் போட்டு, ஃபான்ட்டுகள் காப்பி ஆகட்டும் என்று விட்டுவிட்டு, புது மெஷினுக்கு வயர் கட்டப் போனேன். ரைட்டரை அன்றும் எடுத்து வரவில்லை. அவர் கேட்கவும் கேட்டார். "பெருநாள் கழிச்சு முதல் வேலை அதாங்க்கா" என்றேன்.

நான் வயர் கட்டி முடிப்பதற்குள் பூஜை ஆரம்பித்துவிட்டது. மாதக்கணக்கில் அணைக்காமல் ஓடிய மெஷின்களையெல்லாம் அன்று அணைத்துத் துடைத்தார்கள். ஆஃப்செட் மெஷினுக்கு மாலை, கட்டிங் மெஷினுக்கு மாலை, கம்ப்யூட்டர்களுக்குச் சந்தனம், குங்குமம். நான் அக்காவின் மெஷின் பக்கம் போனபோது டிரைவின் மேலேயே மூன்று விரலால் சந்தனம் இழுத்திருந்தார்கள். "என் சிடி உள்ள இருக்கே" என்றேன்.

"பூச போட்டாச்சு பாய். ஆயுதத்த நாளைக்குக் காலையிலதான் எடுக்கணும். உங்க ஆயுதமும் உள்ளேயே இருக்கட்டும், அதுக்கும் சேத்துதான் கும்பிட்டிருக்கோம்" என்றார் முதலாளி. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு உள்ளூரப் பெருமையாகவும் இருந்தது, நான் செய்த ஒன்றுக்குச் சந்தனம் வைக்கிறார்களே என்று. நோன்பு திறப்பதற்குள் விருதுநகர் போய்ச் சேர வேண்டும். பொரிகடலைப் பொட்டலத்தை வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு ஓடினேன். திருத்தங்கல் தாண்டும்போது அக்காவின் மெஷினைப் பற்றி நினைத்தேனா என்றால், இல்லை. கஞ்சியைத்தான் நினைத்தேன்.

மறுநாள் காலை பத்தரை மணி இருக்கும். கடைக்கு வந்த ஒரு மெஷினுக்கு எக்ஸ்பி போட வேண்டியிருந்தது. சிடியைத் தேடினேன். அது சிவகாசியில் அக்கா டிரைவில் இருப்பது ஞாபகம் வந்தது. சரி, இன்னொன்று எழுதிக்கொள்ளலாம் என்று எழுந்தவன் அப்படியே நின்றேன். டிரைவில் சிடி இருக்கிறது. மெஷின் அணைந்திருக்கிறது. இன்று காலை நல்ல நேரம் பார்த்து எல்லா மெஷினையும் ஆன் செய்வார்கள். அந்தச் சிடி யாரையும் எதுவும் கேட்காது.

போன் செய்தேன். முதலாளிதான் எடுத்தார். "எல்லாம் நல்லபடியா ஓடுது பாய். ஒம்பது மணிக்கே ஆன் பண்ணியாச்சு. உங்க சிடி தானாவே அந்த அம்மா மிசின்ல ஓடிக்கிட்டிருக்கு. ஒருக்கா முடிஞ்சு திரும்பவும் ஓடுது" என்றார்.

"அணைங்க. உடனே அணைங்க."

அவர் ரிசீவரைப் பிடித்துக்கொண்டே அக்காவிடம் சொல்வது கேட்டது. அக்கா மறுப்பதும் கேட்டது. "தொடக்கூடாதுன்னு அந்தத் தம்பி சொல்லியிருக்கு" என்றார். கடைசியில் போனை அவரிடம் கொடுக்கச் சொன்னேன்.

"அக்கா, மெயினை அணைச்சிருங்க. நான் வாரேன்."

"பாதியில அணைக்கக் கூடாதும்பீகளே தம்பி?"

"அணைங்கக்கா."

சுவிட்சைத் தட்டுகிற சத்தம் கேட்டது. பிறகு, "பாப்பா இருக்காளா?" என்று கேட்டார். "வந்து பாக்குறேன்க்கா" என்றேன்.

சிவகாசிக்கு ஒரு மணி நேரப் பயணம். நோன்பில் நாக்கு ஒட்டிப்போகும் என்பது தெரிந்ததுதான், அன்று ஒட்டியது நோன்பால் இல்லை. அழிந்திருக்காது என்று நினைக்க ஏதாவது காரணம் கிடைக்குமா என்று தேடினேன். கிடைக்கவில்லை. ஒவ்வொரு வரியும் நானே எழுதியது. அது எங்கே என்ன செய்யும் என்று எனக்கு மனப்பாடம். முன்பெல்லாம் எக்ஸ்பி போடும்போது ஒரு பகுதியை மட்டும் அழித்துவிட்டு, வேலையெல்லாம் இருக்கிற மறு பகுதியைத் தொடாமல் விடுவேன். நான் திட்டித் தீர்த்த அந்தக் கேள்வி, "நிஜமாகவே அழிக்கவா?" என்பது, அதற்காகத்தான் இருந்தது.

நான் போனபோது அக்கா அணைந்த திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். காலையிலிருந்து அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை என்று பைண்டிங் பெண்கள் சொன்னார்கள். நீலத் திரையில் கோடு ஓடும்போதெல்லாம் யாராவது கிட்ட வந்தால், "தள்ளி நில்லுங்க, தொட்டுராதீக" என்று விரட்டியிருக்கிறார். பைண்டிங் ஆள் ஒருவர், என்னவோ தப்பாகத் தெரிகிறது, அணைக்கட்டுமா என்று கேட்டாராம். அவரையும் விடவில்லை.

"நீங்க சொன்னீகள்ல தம்பி. ஒருத்தரையும் தொட விடல" என்றார்.

அதைக் கேட்டதும் எனக்கு அழுகை வந்தது. அடக்கிக்கொண்டு, சந்தனம் காய்ந்திருந்த டிரைவைக் குண்டூசியால் நெம்பித் திறந்து சிடியை எடுத்தேன். முதலாளி, "என்ன பாய், வைரசா?" என்று கேட்டார். அந்த நாட்களில் எல்லாப் பழியையும் சுமக்க அது ஒன்று இருந்தது. நான் தலையாட்டினேன். அவருக்கு அடித்த லேபிள், காலண்டர்களின் பிலிம் இருந்தது, பெரிய நஷ்டம் இல்லை. இரண்டு வார்த்தை முனகிவிட்டுப் போய்விட்டார். என்மேல் யாரும் கோபப்படவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுவந்தேன். அழிந்ததை மீட்கிற சாஃப்ட்வேர் ஒன்று உண்டு, அதை நாள்கணக்கில் ஓட்டினேன். தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற வேலைதான். ஒவ்வொரு ஃபைலும் பெயரில்லாமல் எண்ணோடு வந்தது. புஸ்வாணம் லேபிள் வந்தது. சங்குசக்கரம் லேபிள் பாதி வந்தது, மீதி சாம்பல் நிறம். அம்மனின் ஒரு கை வந்தது. தனி ஃபைலாக இருந்த அட்டிகை முழுசாக வந்தது, ஜிமிக்கி வந்தது, கல்யாணப் பட்டுச்சேலை ஒரு மடிப்புக் கலையாமல் வந்தது, மல்லிகைச் சரம்கூட வந்தது. அவற்றைப் போட்டுக்கொள்ள வேண்டியவள் மட்டும் வரவில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில், அவள் படங்கள் எல்லாவற்றின் மேலும், எக்ஸ்பி தன் ஃபைல்களை எழுதியிருந்தது. நான் கலந்து வைத்த அதே ஃபைல்கள்.

அத்தாவிடம் மட்டும் நடந்ததை அரைகுறையாகச் சொன்னேன். மறுநாள் பார்த்தேன், களத்தில் கட்டியிருந்த சிடிகளை அவிழ்த்துவிட்டிருந்தார். அவற்றில் ஒரு சிடி எழுதாமல் இருந்திருந்தால் போதும், பாப்பா ஃபோல்டர் முழுசும் அதில் அடங்கியிருக்கும்.

பெருநாள் கழிந்து நான் சூலக்கரைக்குப் போனேன். மனுவில் ஒட்டிய படம் இருக்குமா என்று கேட்டேன். யார் நீங்கள், என்ன உறவு என்று கேட்டார் அங்கிருந்த கிளார்க். உறவு எதுவும் இல்லை, ஒரு தப்பு செய்துவிட்டேன் என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முதலாக முழுசாகச் சொன்னது ஒரு முன்பின் தெரியாத மனிதரிடம். அவர் இரண்டு நாள் கழித்து வரச் சொன்னார். போனபோது ஃபைலைத் தேடி எடுத்து வைத்திருந்தார். படத்தைப் பிய்த்துத் தர முடியாது என்று, தானே ஃபைலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வெளியே ஜெராக்ஸ் கடைக்கு என்னோடு வந்தார்.

படத்தில் அவள் இருந்தாள். நான் பார்த்த கல்யாணக் கோலத்துப் பெண் இல்லை, பத்தொன்பது வயசு, எண்ணெய் வைத்து வாரிய தலை. படம் மாறிவிடாமல் இருக்க ஓரத்தில் முத்திரை குத்துவார்கள் அல்லவா, அது சின்னப் படம் என்பதால் வட்ட முத்திரையின் பாதி முகத்தின் மேலேயே விழுந்திருந்தது. ஒரு கண் முழுக்க ஊதா மைக்கு அடியில் இருந்தது. ஜெராக்ஸில் அது கறுப்பாக வந்தது.

அதைக் கொண்டுபோய் அக்காவிடம் கொடுத்தேன். "வைரஸ் இல்லக்கா. என் சிடிதான். நான்தான்" என்றேன்.

அவர் ஜெராக்ஸை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "அன்னைக்கே தெரியும் தம்பி. அந்தத் தட்ட எடுக்கும்போது நீங்க என் மொகத்தப் பாக்கவே இல்ல" என்றார்.

அன்று மத்தியானமே அதை ஸ்கேன் செய்து வேலையைத் தொடங்கினார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கன்னத்தில், நெற்றியில் விழுந்திருந்த முத்திரையை எடுத்துவிட்டார். கண்ணுக்கு வந்ததும் கை நின்றுவிட்டது. எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "இந்தப் பக்கத்துக் கண்ணையே திருப்பி அங்கன வச்சுரலாமேக்கா" என்றேன்.

"அவளுக்கு ரெண்டு கண்ணும் ஒண்ணு போல இருக்காது தம்பி" என்றார்.

அந்த ஒரு கண்ணை வரைய அவருக்குப் பல வாரம் ஆனது. வரைவார், அழிப்பார். எத்தனையோ அம்மனுக்குக் கண் திறந்த கை அது. முடித்த அன்று நான் ரைட்டரோடு போனேன். பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போனேன். இரண்டு சிடி எழுதி, ஒன்றை அவரிடம் கொடுத்துவிட்டு, ஒன்றை என் கடை பீரோவில் வைத்தேன். கேள்வி கேட்காத அந்தச் சிடியை உடைத்துப் போட்டேன். அதன் ஃபோல்டரையும் அழித்தேன். அதன் பிறகு நான் தொட்ட ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும், "காப்பி எடுத்தாச்சா, நிஜமாவே எடுத்தாச்சா, காட்டுங்க பாப்போம்" என்று மூன்று தரம் கேட்பேன். பாய் வந்தால் போலீஸ் ஸ்டேஷன் மாதிரி கேள்வி கேட்பார் என்று கேலி செய்தார்கள். செய்யட்டும்.

மூன்று, நான்கு வருஷம் கழித்து அந்த அச்சகத்தில் எல்லாப் பழைய மெஷினையும் மாற்றினார்கள். அக்காவின் ஃபைல்களைப் புது மெஷினுக்கு மாற்ற நான்தான் போனேன். "பாப்பா" ஃபோல்டரில் மறுபடி பத்துப் பதினைந்து படங்கள் சேர்ந்திருந்தன. மஞ்சள் சேலை, பச்சைச் சேலை. ஆனால் இப்போது வயசு கூட்டவில்லை, பத்தொன்பதிலேயே நிறுத்தியிருந்தார். ஒரு படத்தைத் திரை முழுக்கப் பெரிதாக்கிவிட்டு வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இதுல ஒரு கண்ணு நான் வரைஞ்சது. ஒண்ணுதான் அவளோடது. பாத்துப் பாத்து, இப்ப எது அவ கண்ணுன்னு எனக்கே மறந்துபோச்சு. உங்களுக்குத் தெரியுதா?"

எனக்குத் தெரியும். முத்திரை விழுந்திருந்தது நம் பார்வைக்கு வலது பக்கத்துக் கண்ணில். அந்த ஜெராக்ஸ் கடையில் நின்றது முதல் ஒருநாளும் எனக்கு அது மறந்ததில்லை.

"ரெண்டும் அவ கண்ணுதாங்க்கா" என்றேன்.